காசு தூங்கும் டப்பா

ஜூன் 2, திங்கள்

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்னாடியே சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை, அது வேறு விஷயம். "எப்படா சொன்னே? எங்க காதுல விழலையே" என்று அக்கா குறுக்கு விசாரணை பண்ணுகிறாள். மனசுக்குள் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான்.

நடந்தது இது. அக்காவின் இரண்டு பெண்களில் பெரியவளின் பள்ளிக்கூடத்தில் வானம் பார்க்கக் கூட்டிப்போகிறார்கள். மலை மேலே ஒரு கட்டடமாம், அதற்குள் லாரி நீளத்துக்கு ஒரு தொலைநோக்கியாம், சனிக் கிரகத்தின் வளையத்தை நம் கண்ணாலேயே பார்க்கலாமாம். ஒரு ராத்திரி தங்கல். கட்டணம் முந்நூறு. அக்கா வேலை பார்ப்பது ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில். இரண்டு வாரம் கூடுதல் நேரம் நின்று, விரிப்பு விரிப்பாக மடித்து, அந்த முந்நூறைச் சேர்த்தாள். வெள்ளிக்கிழமை காலையில் பெரியவள் கையில் கொடுத்து அனுப்பினாள்.

பள்ளிக்கூடத்து வாசல் கடையில் கீறிப் பார்க்கிற சீட்டு விற்கிறார்கள். ஒன்று பத்து. முதல் பரிசு பைனாகுலர். பதினொரு வயசுப் பிள்ளை, வானம் என்றால் உயிர். ஒரு சீட்டு கீறியிருக்கிறாள். அப்புறம் இன்னொன்று. போனதை எடுக்க இன்னொன்று. முப்பது சீட்டு! கிடைத்தது இரண்டு சீப்பு, ஒரு விசில். மிச்சம் இருபத்தேழிலும் 'மீண்டும் முயற்சி செய்க'.

இன்றைக்கு டீச்சர் போன் பண்ணித்தான் விஷயமே வெளியே வந்தது. அக்கா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இனிமே இந்த வீட்டுல பிள்ளைங்க கையில ஒத்தைக் காசு கிடையாது" என்று மட்டும் சொன்னாள். பெரியவள் சீப்பு இரண்டையும் மேஜை மேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். சின்னவள், ஆறு வயசு, நிலைமை தெரியாமல் விசிலை ஊதினாள்.

ஜூன் 3, செவ்வாய்

நேற்றுச் சொல்ல விட்டுப்போனது. இந்த நோட்டு கம்பெனி நோட்டு. லிஃப்ட் சர்வீஸ் பதிவேடு. தேதி, கோளாறு, செய்த வேலை, கையெழுத்து என்று கட்டம் போட்டிருக்கும். ஸ்டோரில் பழசாகக் கிடந்தது, எடுத்து வந்தேன். நான் எட்டாம் வகுப்பு வரைதான். ஆனாலும் இந்த ஊரில் என் கை படாத லிஃப்ட் கிடையாது. ரொம்பப் படித்தவர்கள் எல்லாரும் என்னை நம்பித்தான் பத்தாவது மாடிக்குப் போகிறார்கள்.

கோளாறு: அக்கா. பிள்ளைகள் கையில் காசு கூடாதாம்.
செய்த வேலை: பேசினேன்.

"காசைக் கண்ணுலயே காட்டாம வளத்தா, இருபது வயசுல சம்பளம் வாங்கினதும் இதே சீட்டைத்தான் கீறுவா. வாராவாரம் கையில கொடு. நான் பழக்கிவிடுறேன்."

அக்கா என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "யாரு, நீ? மாசம் பத்தாந்தேதிக்கு மேல உன் கையில காசு நின்ன நாள் உண்டா? பாக்கெட்ல ஒரு ஓட்டை, வாயில ரெண்டு."

கூடப் பிறந்தவளாச்சே என்று பொறுத்துக்கொண்டேன். கடைசியில் ஒப்பந்தம் ஆச்சு. ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு குழு மலைக்குப் போகிறது. ஆகஸ்ட் 22க்குள் பணம் கட்ட வேண்டும். வாரம் நாற்பது பெரியவளுக்கு. பேனா, நோட்டு, வாய்க்கு ருசி, எல்லாம் அதற்குள். அதில் முந்நூறு சேர்த்தால் போகலாம், சேராவிட்டால் மலையை மறந்துவிட வேண்டும். அக்கா கையிலிருந்து மறுபடி ஒரு பைசா வராது.

"உன் காசும் உள்ள விழக் கூடாது" என்றாள் என்னிடம். "அவ தோத்தா, உன் சம்பளக் கவரும் மாசாமாசம் என் கைக்கு வரணும். உனக்கும் வாரம் நாற்பதுதான்."

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

ஜூன் 8, ஞாயிறு

நாளையிலிருந்து வாரக்காசு ஆரம்பம். பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன்.

"பதினொரு வாரம். வாரம் இருபத்தஞ்சு எடுத்து வை, முடிஞ்சுது" என்றேன்.

பெரியவள் விரல் கூட மடக்கவில்லை. "இருநூத்தி எழுபத்தஞ்சுதான் வரும் மாமா. இருபத்தஞ்சு குறையுது."

"கவனிக்கிறியான்னு பார்த்தேன்."

"இருபத்தேழு வச்சா கிட்ட வரும். கடைசி ரெண்டு வாரம் கூட ஒண்ணு ரெண்டு போடணும்."

"அதைத்தான் சொல்ல வந்தேன்."

கணக்கு அவள் பக்கம் போய்விட்டதால், அனுபவத்தை எடுத்தேன். பதினாலு மாடிக் கட்டடம். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெரியவர், அந்த மாதிரி ஏழு கட்டடத்துக்குச் சொந்தக்காரர், கையில் தங்க வாட்ச். ஒரு மணி நேரம் கதவு இடுக்கு வழியாக அவருக்குத் தைரியம் சொன்னேன். பதிலுக்கு அவர் தன் ரகசியத்தைச் சொன்னார். "தம்பி, ஒரு பொருள் மேல ஆசை வந்த அன்னைக்கே காசை எடுக்காதே. அன்னைக்கு ராத்திரி காசு தூங்கட்டும். தூங்கி எழுந்த காசுக்குத்தான் புத்தி இருக்கும். காலையிலயும் அந்தப் பொருள் வேணும்னா, எடு. அவ்வளவுதான். இந்த ஏழு கட்டடமும் அப்படி வந்ததுதான்."

சொல்லி முடித்தபோது எனக்கே புல்லரித்தது. பெரியவள் கண்கொட்டாமல் கேட்டாள். சின்னவள் என் பழைய ஷூ டப்பாவை எடுத்து வந்தாள். தீப்பெட்டி தலையணை, என் கைக்குட்டை போர்வை. காசுக்குப் படுக்கை போட்டாகிவிட்டது.

ஜூன் 12, வியாழன்

கோளாறு: சின்னவள்.

காலையில் அக்கா பஸ்ஸுக்கு எடுத்து வைத்த சில்லறையைக் காணோம். மேஜை, அலமாரி, சமையலறை எல்லாம் தேடியாச்சு. நானா எடுத்தேன் என்று என் பாக்கெட் வரைக்கும் சோதனை. கடைசியில் ஷூ டப்பாவில், கைக்குட்டைக்குள் இருக்கிறது. சின்னவள் டப்பா மேல் படுத்துக்கொண்டு உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்கம்மா. இப்பத்தான் தூங்குச்சு."

"எழுந்திரிடி, பஸ் போயிடும்."

"பாதித் தூக்கத்துல எழுப்பினா புத்தி வராது. மாமா சொன்னாங்க."

பஸ் போய்விட்டது. அக்கா நாலு ஸ்டாப் நடந்தே போனாள். போகும்போது என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஜூன் 20, வெள்ளி

முகத்தில் பாதிக்கு மீசை வைத்திருப்பதால் மீசை என்று நாங்கள் கூப்பிடும் என் கூட்டாளி மெக்கானிக்கிடம் இன்றைக்கு மோட்டார் ரூமில் வைத்து அந்தப் பெரியவர் கதையைச் சொன்னேன். மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டவர். வாயைப் பிளந்துவிட்டான்.

ஜூலை 4, வெள்ளி

இன்றைக்கு ஒன்று பார்த்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு எதிர்க் கட்டடத்தில் சர்வீஸ். முடித்துவிட்டு இறங்கினால் பள்ளி விட்டுக்கொண்டிருக்கிறது. பெரியவள் அந்த வாசல் கடைக்கு முன்னால் நிற்கிறாள். சீட்டுத் தோரணம் தொங்குகிறது. பைனாகுலர் இன்னும் கண்ணாடிக்குள்தான் இருக்கிறது, யாருக்கும் விழவில்லை. கூட வந்த பிள்ளைகள் கீறுகிறார்கள், கூச்சல் போடுகிறார்கள். இவள் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் தூணுக்குப் பின்னால். கீறிவிடாதே கீறிவிடாதே என்று முணுமுணுக்கிறேன். என் சம்பளக் கவருக்காகவா? முதலில் அதற்காகத்தான். அப்புறம் இல்லை.

நான்கு நிமிஷம் நின்றாள். வாட்ச் பார்த்தேன். பிறகு திரும்பி நடந்தாள். முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. கைகள் மட்டும் வாரை விடவில்லை.

லிஃப்ட் மேலே ஏறுவதைப் பார்த்து ஜனங்கள் ஆச்சரியப்படுவார்கள். ஏறுவது ஒன்றும் பெரிசில்லை, மோட்டார் இருந்தால் ஏறும். தரைக்குச் சமமாக, ஒரு விரல் கூட மேலே கீழே போகாமல் நிற்கிறதே, அதுதான் வேலை. அதற்கு எனக்கு ஆறு வருஷம் ஆச்சு கற்றுக்கொள்ள. இந்தப் பிள்ளை எங்கே கற்றது?

என்னிடம்தான். வேறு யாரிடம்.

ஜூலை 5, சனி

நேற்று அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிற வழியில் நான் ஒரு டார்ச் லைட் வாங்கினேன். மூன்று கலரில் எரியும். தேவை என்று இல்லை. எரிகிறது.

ஜூலை 13, ஞாயிறு

ஆறாவது வாரம் நாளைக்கு. டப்பாவில் நூற்று முப்பத்தைந்து. அக்கா அடுப்பைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டே டப்பாவை எட்டிப் பார்க்கிறாள். எண்ணுவதில்லை. மூடி சரியாக இருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பார்க்கிறாள்.

அக்கா வீட்டுக்காரர், கப்பலில் சமையல்காரராக இருக்கும் அத்தான், போன் பண்ணினார். சமையல் கட்டில் சத்தம், ஒன்றும் கேட்கவில்லை. "மச்சான், பிள்ளைங்க என்ன பண்றாங்க?" என்றார். "பெரிய புள்ளியா வளர்ந்துட்டு வர்றாங்க, எல்லாம் என் பயிற்சி" என்றேன். அதற்குள் லைன் போய்விட்டது. நல்ல வேளை, அக்கா பக்கத்தில் இல்லை.

ஜூலை 24, வியாழன்

பெரியவளின் பேனா தொலைந்துவிட்டது. ஆசைப்பட்ட நீலப் பேனாவை வாங்கவில்லை. இரண்டு நாள் பென்சிலில் எழுதி, மூன்றாம் நாள் மலிவுப் பேனா வாங்கினாள். "நீலப் பேனா காலையில வேணாம்னு தோணிச்சா?" என்றேன். "தோணலை மாமா. காலையிலயும் அழகாத்தான் இருந்துச்சு. ஆனா அது வானத்துல இல்லையே" என்றாள்.

பாடம் எடுக்கிறாள் எனக்கு. எனக்கே!

ஆகஸ்ட் 8, வெள்ளி

போனஸ் வந்தது. நூற்றைம்பது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. எனக்கு வருகிற யோசனை எல்லாம் லேசுப்பட்டதில்லை.

பழைய சாமான் கடைக்காரரிடம் ஒரு தொலைநோக்கி வந்திருக்கிறது. மூன்று கால், வெள்ளைக் குழாய், பார்க்கவே கம்பீரம். நானூறுக்குக் குறையாதாம், பேசி முந்நூற்றுத் தொண்ணூறுக்குக் கொண்டு வந்தேன். பெரியவளிடம் இருநூற்று நாற்பத்து மூன்று இருக்கிறது. என் போனஸ் நூற்றைம்பது. கூட்டினால் மூன்று மிச்சம்! ஒரு ராத்திரி மலையில் எவனோ வைத்திருக்கிறதைப் பார்க்க முந்நூறா, ஆயுசு முழுக்க நம் மொட்டை மாடியில் நம்முடையது நிற்க முந்நூற்றுத் தொண்ணூறா? ஒப்பந்தமும் மீறவில்லை. என் காசு மலைக்குள் விழக் கூடாது என்றுதான் அக்கா சொன்னாள். குழாய்க்குள் விழக் கூடாது என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எழுதுகிறேன். நடந்தது நடந்தபடியே.

மத்தியானம் மூன்று மணிக்குக் கடைக்காரர் தொலைநோக்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். ஜன்னலோரம் நிறுத்தினார். பெரியவள் வந்து பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கிட்டே போகவில்லை. "தொடலாமா?" என்று கேட்டாள். ஒரு விரலால் குழாயைத் தொட்டாள். அப்புறம் கண்ணை வைத்தாள். எதிர் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி.

"மாமா... தொட்டி மேல காக்கா. கண்ணைச் சிமிட்டுது மாமா. அது சிமிட்டுறது தெரியுது."

எனக்கு ஒரே பெருமை. விஷயத்தைச் சொன்னேன். உன் காசு, என் போனஸ், இன்றைக்கே உனக்குச் சொந்தம். மலை எங்கேயும் ஓடிப்போகாது.

சமையலறை வாசலில் அக்கா ஈரக் கையோடு நின்றாள். குறுக்கே வரவில்லை. அது பெரியவளின் காசு, முடிவும் அவளுடையது என்று வாரக்காசு ஆரம்பித்த அன்றைக்கே அக்கா சொல்லியிருந்தாள்.

பெரியவள் டப்பாவை எடுத்து வந்தாள். மடியில் வைத்துக்கொண்டாள். திறக்கவில்லை.

"நாளைக்குக் காலையில வாங்கிக்கலாமா அங்கிள்?"

"இல்ல பாப்பா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு இன்னொருத்தர் பணத்தோட வர்றார். இன்னைக்கு விட்டா போச்சு."

"இன்னைக்குத்தான் ஆசை வந்துச்சு. அதனால இன்னைக்குக் காசு தூங்கணும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "என்ன சார் சொல்லுது பாப்பா?"

நான் சிரித்துச் சமாளித்தேன். "இது விசேஷம் கண்ணு. ஒரு நாள் தூங்காட்டி ஒண்ணும் ஆகாது."

"லிஃப்ட்ல மாட்டின பெரியவர் விசேஷம்னா விட்டுடலாம்னு சொன்னாரா மாமா?"

"அது வந்து..."

"ஆறு மணி நேரம் மாட்டிட்டு இருந்தாரே, அதையும் சொல்லியிருப்பாரே. போன வாரம் ஆறு மணி நேரம்னுதானே சொன்னீங்க. முதல்ல ஒண்ணுன்னு சொன்னீங்க."

"உள்ள இருந்தவருக்கு ஒண்ணு. வெளியே நின்ன எனக்கு ஆறு."

"சரி. விசேஷத்துக்கு என்ன சொன்னார்?"

எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். அக்கா, கடைக்காரர், விசிலைக் கடித்துக்கொண்டு சின்னவள். அந்த இடத்தில் நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். டப்பா திறந்திருக்கும், தொலைநோக்கி இந்நேரம் ஜன்னலோரம் நின்றிருக்கும். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. எனக்குச் சொல்ல மனசு வரவில்லை. என்ன வார்த்தை என்று இங்கேயும் எழுதப் போவதில்லை.

"சொல்லலை. விசேஷத்துக்குன்னு தனியா ஒண்ணும் சொல்லலை" என்றேன்.

பெரியவள் தலையை ஆட்டினாள். டப்பாவின் மூடியை இன்னும் அழுத்தி மூடினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கக் கூட இல்லை, இரண்டு கையும் மூடி மேல் இருக்கிறதே. "சாரி அங்கிள்" என்றாள் கடைக்காரரிடம். அவர் மூன்று காலையும் மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். போகும்போது "உங்க வீட்டுல யார் சார் பெரியவங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தொடவில்லை.

முந்நூறை ஒரே மூச்சில் கீறித் தீர்த்த பிள்ளைதானே இது? இரண்டு மாசத்துக்கு முன்னால்? அதே கைதானே?

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் நான்தான் அவளுக்கு முன்னால் எழுந்து காத்திருந்தேன். பல் கூட விளக்கவில்லை.

"இப்பவும் வேணுமா?"

கொஞ்சம் யோசித்தாள். "வேணும் மாமா. நேத்து வேணும்னு கத்துச்சு. இன்னைக்கு மெதுவா சொல்லுது. வளையமும் வேணும்னு சொல்லுது. வளையம்தான் முதல்ல சொல்லுது."

பிறகு பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அக்கா எனக்கு டீ கொடுத்தாள், கேட்காமலே. வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீ சொல்லிக்கொடுத்தது ஒண்ணாவது உருப்படியா இருந்துச்சுடா."

பதில் சொல்ல எனக்கு நூறு இருந்தது. முதலில் ஒரு வாய் குடித்தேன். டீ சுட்டது.

ஆகஸ்ட் 13, புதன்

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பணத்தோடு வந்த அந்த இன்னொருத்தர் யார் என்று தெரிந்துவிட்டது. மீசை! நான் பேசி இறக்கிய விலைக்கே வாங்கியிருக்கிறான். இன்றைக்கு மோட்டார் ரூமில் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"நிலாவைப் பார்த்தா சோப்புத் துண்டு மாதிரி தெரியுதுடா. நட்சத்திரம்னு திருப்பினா வெறும் இருட்டு. எதிர் வீட்டுத் துணிக் கொடி மட்டும் துல்லியமாத் தெரியுது. அதைப் பார்த்துட்டு என் பொண்டாட்டி குழாயையே பரண்ல ஏத்திட்டா."

"நான் அன்னைக்கே நினைச்சேன்" என்றேன். நினைத்தேனா? காக்காயின் கண் அவ்வளவு அழகாகத் தெரிந்ததே. பகலில் பார்க்கிற குழாய் அது. நான் நினைக்கவே இல்லை. யாரும் நினைக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கும் அது தெரியாது. தெரியாமலேதான் மூடியை அழுத்திப் பிடித்தாள். அதுதான் என்னைப் போட்டு உலுக்குகிறது. மட்டமான சரக்கு என்று தெரிந்து வேண்டாம் என்பதற்கு நானும் தயார். நல்லது என்று நம்பிக்கொண்டே, கண்ணில் தண்ணீர் வழிய, நிற்கிறதென்றால்?

ஆகஸ்ட் 22, வெள்ளி

கட்டிவிட்டாள். முந்நூறு. அக்கா கூடப் போகவில்லை, நானும் போகவில்லை. தனியாகவே. அதே வாசல், அதே கடை. ரசீதைக் கொண்டு வந்து மேஜையில், ஜூன் மாசம் சீப்பு வைத்த அதே இடத்தில் வைத்தாள்.

அக்கா ரசீதை இரண்டு தடவை படித்தாள். பிறகு உள்ளே போய் வீட்டுக் காய்கறிப் பணத்தை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தாள். "நீயே பார்த்து வாங்கு. எனக்கு வாரம் ஒரு தடவை கணக்கு சொன்னா போதும்."

என் சம்பளக் கவர் தப்பித்தது. துள்ளிக் குதிக்கலாம் என்றுதான் இருந்தேன். ஏனோ தோன்றவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

போனஸ் நூற்றைம்பதை எடுத்துக்கொண்டு செருப்புக் கடை வரை போனேன். பழுப்புத் தோல், பளபளவென்று ஒரு ஜோடி. கையில் எடுத்துப் பார்த்தேன். வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து போனஸ் கவரை ஷூ டப்பாவில் வைத்து, கைக்குட்டையைப் போர்த்தினேன். சின்னவள் தட்டிக்கொடுத்தாள், கவரை.

ஆகஸ்ட் 28, வியாழன்

தூங்குகிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மலைக்குப் போய்விட்டாள். பஸ் ஜன்னலில் கை மட்டும் தெரிந்தது. வீடு எவ்வளவு பெரிசு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. சின்னவள் விசிலைக் கூட ஊதவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நேற்றுச் சாயங்காலம் வந்து சாப்பிடாமல் கூடத் தூங்கிவிட்டாள். இன்றைக்குக் காலையில்தான் பேச்சு. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு ஏணி மேல ஏறணும் மாமா. கண்ணை வச்சா முதல்ல ஒண்ணுமே இல்ல, இருட்டு. ஐயோ, எனக்கு மட்டும் தெரியலையேன்னு நினைச்சேன். அப்புறம் ஓரத்துலேர்ந்து மெதுவா உள்ள வந்துச்சு. உருண்டை தனியா, வளையம் தனியா. நடுவுல சந்து இருக்கு, மாமா! எதுவும் எதையும் தொடலை. யாரோ வரைஞ்சு ஒட்டின மாதிரி இருந்துச்சு. 'இது நிஜமா?'ன்னு சத்தமா கேட்டுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அங்க இருந்த சார் மட்டும் சிரிக்கலை. அவரும் முதல் தடவை இதையேதான் கேட்டாராம்."

நான் ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை. சேர்க்க இடமே இல்லை அதில். அக்கா அவள் தலையை முகர்ந்து பார்த்தாள், கைக்குழந்தையைப் பார்க்கிற மாதிரி.

அப்புறம் பெரியவள் பையிலிருந்து ஒரு அட்டை எடுத்தாள். வளையத்தோடு அந்தக் கிரகம், கறுப்பு வானத்தில். விலை எட்டு. அவள் வாரக்காசின் மிச்சத்தில்.

"முதல் நாளே பார்த்துட்டேன். ஆனா அங்க ஒரு ராத்திரி தூங்க வச்சு, காலையில கிளம்பறப்பதான் வாங்கினேன். அந்த லிஃப்ட் தாத்தாவுக்கு இது. நீங்க பார்த்தா கொடுத்துடுவீங்கதானே?"

"கட்டாயம்" என்றேன்.

பின்பக்கம் எழுதியிருக்கிறாள்: 'லிஃப்ட் தாத்தாவுக்கு. நீங்க சொன்ன மாதிரியே தூங்க வச்சேன். நான் பார்த்துட்டேன். நன்றி.'

கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே சொன்னார்கள்: சர்வீஸ் பதிவேட்டில் பொய் எழுதக் கூடாது, எழுதினால் ஒரு நாள் எவனாவது விழுவான். மூன்று மாசமாக இதில் எழுதிவிட்டேன். இன்றைக்குச் சரி பண்ணுகிறேன்.

பதினாலு மாடி நிஜம். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் நின்றதும் நிஜம். ஆனால் உள்ளே இருந்தவன் நான். பத்தொன்பது வயசு, சட்டைப் பையில் முதல் சம்பளம். கீழே கடையில் ஒரு கறுப்புக் கண்ணாடி பார்த்து வைத்திருந்தேன், அதை வாங்கத்தான் அவசரமாக இறங்கினேன். இழுத்து வெளியே எடுத்தபோது கடை மூடிவிட்டது. அன்றைக்கு ராத்திரி என் காசும் தூங்கத்தான் செய்தது. மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே போய் நின்று, கண்ணாடியை வாங்கினேன். ஒரு வாரத்தில் உடைந்தது. அதற்கு அப்புறமும் இத்தனை வருஷமாக எதையுமே நான் தூங்க வைத்ததில்லை. அந்த போனஸ் கவர் ஒன்றைத் தவிர. அது இன்றைக்கு ஐந்தாவது நாள்.

கோளாறு: பெரியவர் என்று யாரும் இல்லை.
செய்த வேலை: அட்டையை இந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.